பெரியப்பா வைத்த விருந்து

மழை தொடங்க இருந்த நேரம். வயலெலி தன் வளையில் சேர்த்து வைத்திருந்த நெல்லையெல்லாம் இழுத்துக்கொண்டு போய்ப் பெருச்சாளியின் முன்னால் கொட்டியது. வயலெலியின் பெரியப்பாவான கிழ எலி பட்ட கடன் அது. வட்டி ஏறி ஏறி, அதனால் அடைக்கவே முடியாத அளவுக்கு வளர்ந்திருந்தது.

"தீர்ந்தது தம்பி. இனி அவர் வளையை நான் கேட்கமாட்டேன்" என்றது பெருச்சாளி.

வயலெலி களைத்துப்போய்ப் பெரியப்பாவிடம் வந்து விஷயத்தைச் சொன்னது. கிழ எலிக்குக் கண் கலங்கிவிட்டது.

"உட்காருடா. எனக்காக உன் வளையையே காலி பண்ணிட்டே. உன்னை வெறும் வயித்தோட அனுப்பினா நான் என்ன பெரியப்பன்?" என்று தேங்காய்ச் சில்லுகளை எடுத்து வைத்தது.

காலையிலிருந்து பட்டினி. முதல் சில்லைக் கடித்த பிறகுதான் வயலெலிக்குக் கேட்கத் தோன்றியது.

"ஏது பெரியப்பா இவ்வளவு தேங்காய்?"

"அணில்கிட்ட வாங்கினேன். தங்கமான பிள்ளை. ஒண்ணுக்கு ரெண்டா, மெதுவாத் தந்தாப் போதும்னு சொல்லிடுச்சு."

வயலெலியின் வாய் அப்படியே நின்றது.

"கூச்சப்படாம சாப்பிடு" என்று கிழ எலி இன்னொரு சில்லை அதன் பக்கம் தள்ளியது. பெரியப்பாவின் முகத்தில் இவ்வளவு சந்தோஷத்தைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

வயலெலி வாயில் இருந்ததை மெல்ல மென்று விழுங்கியது.

"நல்லா இருக்கு, பெரியப்பா" என்றது.