வீட்டு ஆள்

"பேரைக் கேட்டா மாட்டிக்குவோம் சார். கல்யாணராமனுக்குத் தம்பி உக்கிரபாண்டின்னா எவன் நம்புவான்?"

"அதெல்லாம் கேக்க மாட்டா. நீ சும்மா உக்காரு பாண்டி" என்றார் கல்யாணராமன். குரல் கரகரத்தது. தொண்டைவலி ஆரம்பித்ததிலிருந்து கஞ்சியைத் தவிர வேறெதுவும் இறங்கவில்லை.

வடக்கு மாசி வீதி டாக்டர் வீட்டு வராந்தாவில் பெஞ்சு கொள்ளாத கூட்டம். ஒரு கிழவிக்கு மருமகள் விசிறிக்கொண்டிருந்தாள். இன்னொருவரின் காலடியில் மகன் ஃபிளாஸ்கோடு உட்கார்ந்திருந்தான். கல்யாணராமனுக்குப் பக்கத்தில் பாண்டி, ஒரு பஸ் கண்டக்டர்.

திருமங்கலம் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த காலமெல்லாம் அவர் ஏறிப் போன பஸ்ஸின் கண்டக்டர். கல்யாணராமனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கூடப் பிறந்தவர்களும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு லாட்ஜ் அறையும் மெஸ் சாப்பாடும்தான்.

"என்ன வியாதின்னு நோயாளிகிட்டச் சொல்லமாட்டாராம். வீட்டு ஆள் வரணுமாம். எனக்கு யார் இருக்கா?" என்று பஸ் ஸ்டாண்டில் போய் நின்றார். பாண்டி மறுபேச்சில்லாமல் லீவு போட்டு வந்துவிட்டான்.

கம்பவுண்டர் எட்டிப் பார்த்தார். "போன வாரம் ஒத்தையில வந்தீக, இன்னிக்கு ஆளோட வந்துட்டீக போல. யாரு இவரு?"

"தம்பி."

"பேரு?"

"லட்சுமணன்" என்றான் பாண்டி, சற்றும் யோசிக்காமல்.

கம்பவுண்டர் அவனுடைய மீசையை ஒரு தடவை பார்த்தார். "சரி, உள்ள போங்க. பேஷண்ட் இங்கயே இருக்கட்டும்."

டாக்டர் அறைக்கு அரைக்கதவுதான். அதன் கீழே பாண்டியின் கால்கள் மட்டும் தெரிந்தன. காக்கிப் பேண்ட், டயர் செருப்பு. ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்கிற கால்கள். முதலில் வலது கால் சும்மா ஆடிக்கொண்டிருந்தது. சட்டென்று நின்றது. பிறகு ஒரு பாதம் இன்னொன்றின் மேல் ஏறி அழுத்திக்கொண்டது.

கல்யாணராமன் துண்டின் நுனியை முறுக்கினார். கேட்டதைக் கேட்டபடி ஒப்பித்துவிட்டு, "வாரேன் சார்" என்று அவன் பஸ் ஏறிப் போனாலும் குற்றம் சொல்ல முடியாது. அவன் யார், இவர் யார்? அப்புறம் கடைசி வரைக்கும் அந்த லாட்ஜ் அறைதான்.

பாண்டி முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தான். "வாங்கண்ணே, போவோம்."

தெருவில் இறங்கியதும், "என்ன சொன்னார்?" என்று கேட்டார்.

"என்னத்தச் சொன்னாரு! வெறும் புண்ணுண்ணே. இதுக்குப் போயி இம்புட்டுப் பயந்துட்டீகளே!"

"புண்ணா?"

"ஆமாங்கிறேன். ஆற நாளாகும், அம்புட்டுத்தான்." எதிரே வந்த சைக்கிள் ரிக்‌ஷாவையே பார்த்துப் பேசினான். "ஆனா இனிமே லாட்ஜுல தனியாக் கெடக்கக் கூடாது. நம்ம வீட்டுக்கு வந்துருங்க. எம் பொண்டாட்டி தங்கப்பொண்ணு நல்லாக் குழைய விட்டுக் கஞ்சி காய்ச்சுவா. வலி எடுத்தா ஊசி போட அடுத்த தெருவுல நர்ஸம்மா இருக்காக, நான் பேசிக்கிறேன்."

"வெறும் புண்ணுக்கா இவ்வளவும்?"

"கேள்வி கேக்காம வாங்கண்ணே. உள்ள தள்ளிப் போங்கன்னா பஸ்ஸுல போவீகல்ல? அது மாதிரி வாங்க."

கம்பவுண்டரின் காதுக்கு எட்டாத தூரம் வந்தாயிற்று. இனி நடிக்க வேண்டியதில்லை. ஆனாலும் அவன் ஒரு தடவைகூட 'சார்' என்று சொல்லவில்லை.

"சரிப்பா, வரேன்" என்று கல்யாணராமன் அவன் தோளைப் பிடித்துக்கொண்டார்.

போன வாரம் அதே அரைக்கதவுக்குப் பின்னால், "வீட்டு ஆள்கிட்டத்தான் சொல்றது வழக்கம். உங்களுக்கு யாருமே இல்லைங்கிறீங்க, அதனால உங்ககிட்டயே சொல்றேன். புற்றுநோய், முத்திப்போச்சு" என்று டாக்டர் சொல்லியிருந்தார். "ஒருத்தனைக் கூட்டிண்டு வரேன், எனக்குத் தெரியும்னு மட்டும் அவன்கிட்டச் சொல்லிடாதீங்கோ" என்று கேட்டுக்கொண்ட கல்யாணராமன், தன்னிடமிருந்து அதை மறைக்க இந்த ஊரில் ஓர் ஆளாவது உண்டா என்று பார்க்கத்தான் இன்று பாண்டியை அழைத்து வந்திருந்தார்.