குளிரறைக் குழாய்

"லீவுன்னு சொன்னாங்க, கூப்பிட்ட ரெண்டே நிமிஷத்துல வந்து நிக்கிறீங்களே அண்ணே?" என்றான் எலெக்ட்ரீஷியன். அவன் அப்போதுதான் வேலைக்கு வந்திருந்தான், வாய் ஓயாதவன்.

பம்ப் ஆபரேட்டர் நேரே பம்ப் அறைக்குள் நுழைந்தார். நேற்றைய சட்டை, சவரம் செய்யாத முகம். அந்த மலையூர் ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் அவர் 'பூமி'. முற்றத்துக்கு அடியில் நூறு மீட்டர் ஆழக் குழிகள் பன்னிரண்டு உண்டு. அவற்றில் இறங்கி ஏறும் தண்ணீர்தான் குளிர்காலத்தில் மண்ணின் சூட்டைக் கட்டடத்துக்குக் கொண்டுவருகிறது. அந்தக் குழிகளைப் பெற்ற பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வார்.

இன்று காலை வாசலில் பள்ளம் தோண்டிய இயந்திரம் குழிகளிலிருந்து வரும் குழாயை இரண்டாக வெட்டிவிட்டது. ஒட்டி முடிக்கச் சாயங்காலம் ஆகும். மாடியில் எடை குறைந்து பிறந்த ஆறு குழந்தைகள் கிடக்கும் அறை, இருபத்தாறு டிகிரியிலிருந்து இருபத்திரண்டுக்கு இறங்கியிருந்தது.

பூமி இரண்டு வால்வுகளை மூடினார். மூன்றாவதில் கை வைத்தபோது எலெக்ட்ரீஷியனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது பிணவறைக் குழாய். அந்த அறையைக் குளிரவைக்க உறிஞ்சும் சூட்டை வழக்கமாக மண்ணுக்குள் அனுப்புவார்கள். பூமி அதை நேரே மாடிக்குத் திருப்பப் பார்க்கிறார்.

"அங்கேருந்தா அண்ணே? பச்சைக் குழந்தைங்களுக்கா?"

சூட்டைத் தவிர வேறெதுவும் மேலே போகாது, குழாயில் ஓடுவது வெறும் தண்ணீர் என்று பூமி பொறுமையாகச் சொன்னார். அவனுக்கு மனசு ஒப்பவில்லை. மூன்று நாளாகக் காலியாகக் கிடக்கிற அறையில் உறிஞ்ச என்ன இருக்கிறது என்று கேட்டான்.

"விடியக்காலையில ஒருத்தங்களைக் கொண்டுவந்து வச்சிருக்காங்க."

"பெத்தவங்களுக்குத் தெரிஞ்சா ஒத்துப்பாங்களா?"

"ஒத்துப்பாங்க."

எப்படி அவ்வளவு உறுதி என்று அவன் கேட்பதற்குள் பூமி பிடியைத் திருகினார்.

வால்வு திறந்தது. மாடிக்குப் போகும் குழாயில் பூமி உள்ளங்கையை வைத்தார். மீட்டரை நம்பாமல் தொட்டுப் பார்ப்பது அவர் பழக்கம்தான். ஆனால் இன்று கையை எடுக்கவே இல்லை. குழாய் மெல்லக் கதகதப்பானது.

முக்கால் மணி நேரம் கழித்து நர்ஸ் வந்தாள். அறை இருபத்தைந்துக்கு ஏறிவிட்டதாம். பூமியின் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்க பொண்ணுக்குக் கை கால்ல சூடு வந்துடுச்சுண்ணே. அக்காவை வீட்டுக்குக் கொண்டுபோக வண்டியும் வந்துடுச்சு. கீழ அந்த அறை வாசல்லதான் நிக்குது."

பூமி குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

"கொஞ்ச நேரம் நிக்கச் சொல்லும்மா. புள்ளைக்குக் குடுக்க அம்மாகிட்ட இன்னும் கொஞ்சம் சூடு இருக்கு."