இனி அறிக்கை கிடையாது

கையெழுத்துப் போட அவருக்கு நாலு நிமிஷம் ஆனது.

பேனா இரண்டு முறை நழுவியது. பிடித்துக்கொள்ள வந்த டாக்டரின் கையைத் தட்டிவிட்டார்.

மருத்துவர்களின் ஆலோசனைக்கு மாறாக, என் சொந்த விருப்பத்தின் பேரில் வீட்டுக்குப் போகிறேன். படிவத்தில் அவ்வளவுதான் இருந்தது.

ஆறு வருடம் இந்த நாட்டின் பிரதமராக இருந்தவர். இப்போது வயது எண்பத்தொன்பது.

இரண்டு சிறுநீரகங்களும் நின்றுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் இயந்திரம்தான் அவர் ரத்தத்தைச் சுத்தம் செய்தது. ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். முடிந்தபின் அன்று முழுக்க நாக்கு எழாது.

பேசிப் பேசியே வாழ்ந்த மனிதர்.

இனி இயந்திரம் வேண்டாம் என்று முந்தின நாள் சொல்லிவிட்டார்.

கட்சித் தலைவர் பழமலை அடித்துப்பிடித்து டெல்லிக்கு வந்தார். இவர் வளர்த்துவிட்டவர்தான். சுற்றி வளைத்துப் பேசினார். தொண்டர்கள் சோர்ந்துவிடுவார்கள் என்றார். இன்னும் மூன்றே வாரம் ஐயா, வாக்குப்பதிவு முடியட்டும், அதுவரை இங்கேயே இருந்தால் நல்லது என்றார். டாக்டர்கள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"என் சாவுக்குத் தேதி குறிக்க நீ யாருய்யா?"

பழமலை எழுந்து போய்விட்டார்.

மகள் தமயந்தி போகவில்லை. பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கட்டிலின் கால்மாட்டில் நின்று, ஒரு மாதம் மட்டும் பார்க்கலாம் என்று கெஞ்சினாள். ஒரு மாதத்தில் என்ன மாறும் என்று கேட்டார். அழுதாள். அவர் அசையவில்லை.

அப்பாவும் மகளும் விமானம் ஏறினார்கள்.

திருச்சியில் இறங்கி உறையூருக்கு வந்தால், தெருமுனையில் போலீஸ் தடுப்பு. தெருவையே அடைத்து வைத்திருந்தார்கள். பள்ளி விட்ட பிள்ளைகள் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. ஒரு காய்கறி வண்டிக்காரர் வெயிலில் நின்றார்.

அவர் ஆம்புலன்ஸை நிறுத்தச் சொன்னார்.

தடுப்பை எடுக்கும்வரை வண்டியிலேயே கிடப்பேன் என்றார். அதிகாரி பாதுகாப்பு விதிகளைச் சொன்னார். செத்துக்கொண்டிருக்கிறவனை எவன் வந்து சுடப்போகிறான் என்று கேட்டார்.

தடுப்பு விலகியது. காய்கறி வண்டி முதலில் போனது. பின்னால் அவர் போனார்.

முன்னறையில், ஜன்னலை ஒட்டிக் கட்டில் போட்டிருந்தார்கள். சிஸ்டர் பிரிசில்லா அங்கே காத்திருந்தார். குணமாக வழியில்லாதவர்களை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் அமைப்பிலிருந்து வந்தவர்.

எத்தனை நாள் என்று அவரிடம் நேராகவே கேட்டார். ஒரு வாரம், கூடிப்போனால் பத்து நாள் என்றார் சிஸ்டர். வலி தெரியாமல் பார்த்துக்கொள்வேன், மூச்சு முட்டினால் மருந்து இருக்கிறது, தூக்கம் கூடிக்கொண்டே போகும் என்றார்.

இத்தனை மாதத்தில் அவரிடம் மழுப்பாமல் பேசிய முதல் ஆள்.

இளநீர் கேட்டார்.

இரண்டு வருடமாகத் தண்ணீரைக்கூட அளந்து குடித்தவர். இளநீர் அவர் உடம்புக்கு விஷம் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். தமயந்தி சிஸ்டரைப் பார்த்தாள். சிஸ்டர் தலையசைத்தார்.

நாலு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்.

அதற்குள் வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கேமராக்கள், கட்சிக் கொடிகள், கற்பூரத் தட்டுகள். டெல்லியில் டாக்டர்கள் வேண்டாம் என்று சொல்லியும் மகள்தான் பிடிவாதமாகக் கூட்டிவந்துவிட்டாள் என்று டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் செய்தி பழமலையிடமிருந்துதான் போயிருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

கூட்டத்தில் ஒருவன் கத்தினான்.

"பெத்த அப்பனையே கொல்லக் கொண்டாந்துட்டா."

ஜன்னல் திறந்துதான் இருந்தது. உள்ளே மூன்று பேருக்கும் கேட்டது. தமயந்தி மருந்துப் பெட்டியைத் துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அவர் அவளைக் காகிதம் எடுக்கச் சொன்னார்.

மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். அவர் முகத்தைப் பார்க்காமல் அவள் எழுதினாள்.

நான் வீட்டில் இருக்கிறேன். சிகிச்சையை நிறுத்தச் சொன்னது நான். இது என் முடிவு. என் மகள் தடுத்தாள், நான் கேட்கவில்லை. எனக்காக யாரும் யாகம் நடத்த வேண்டாம். என்னைக் காட்டி யாரும் ஓட்டுக் கேட்க வேண்டாம். தெருவை மறிக்க வேண்டாம். இனி அறிக்கை கிடையாது.

சிஸ்டரைப் படிக்கச் சொல்லலாம் என்றார்.

நானே படிக்கிறேன் என்று காகிதத்தை எடுத்துக்கொண்டு தமயந்தி வெளியே போனாள்.

சிஸ்டர் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினார். கேட்டின் அருகே அவள் முதுகு தெரிந்தது. மைக்குகள் அவளைச் சூழ்ந்திருந்தன.

நிதானமாகப் படித்தாள். வகுப்பில் படிக்கிற குரல்.

மூன்றாவது வரியில் நின்றாள்.

காகிதத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"இது எங்கள் முடிவு."

அடுத்த வரியைத் தாண்டிப் போனாள். மிச்சத்தை எழுதியபடியே படித்து முடித்தாள். யாரோ கேள்வி கேட்டார்கள். திரும்பி உள்ளே வந்தாள்.

அவர் எழுதிக்கொடுத்த உரையில் காற்புள்ளியை மாற்றினால்கூடக் கோப்பைத் திருப்பி அனுப்புவார் என்று அந்தக் காலத்துச் செயலாளர்கள் சொல்வார்கள்.

மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தப்பாப் படிச்சுட்டியேம்மா."

"சரியாத்தான்ப்பா படிச்சேன்."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். வீங்கிப்போயிருந்த அவர் பாதங்களைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

காகிதம் இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

அவர் திருத்தச் சொல்லவில்லை.