கைக்குள் ஒரு குருவி

“மூணாவது தடவையாம்மா? இன்னிக்கும் நான் கண்டுபிடிச்சிட்டா அப்புறம் இந்தப் பக்கமே வரக் கூடாது. சங்கத்து விதி.”

மேஜிக் சங்கத்தின் தேர்வாளர் கறாராகச் சொன்னார். அவருக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. முப்பது வருஷத்தில் அவர் கண்ணில் மண்ணைத் தூவியவர் ஒருவர்கூடக் கிடையாது.

மேடையில் நின்றவள் ஆஸ்பத்திரி நர்ஸ்; முகம் வெளிறியிருந்தது. சங்கத்தில் சேர்ந்தால்தான் பெரிய அரங்குகளில் இடம் கிடைக்கும். போன இரண்டு தடவையும் பூ ஒளிந்திருந்த இடத்தையும், சீட்டை மாற்றிய விரலையும் பட்டென்று சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்பியவர் இவர்தான்.

“தெரியும் சார். இன்னிக்கு ஒரு குருவி.”

சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, இரண்டு கைகளையும் குவித்து மூடிக்கொண்டாள்.

“எங்க வார்டு ஜன்னல்ல வந்து விழுந்துச்சு. இறக்கை ஒடிஞ்சிருந்துச்சு. பக்கத்துக் கட்டில்ல, ஆறு மாசமா யார்கிட்டயும் வாயே திறக்காத மனுஷன். அன்னிக்குத்தான் முதமுதலா பேசினாரு. ‘அதுக்குக் கொஞ்சம் தண்ணி குடும்மா’ன்னாரு. ரெண்டு பேருமா சேர்ந்து அதைத் தேத்தினோம். அது அவரையும் தேத்திடுச்சு…”

அவள் குரலை உயர்த்தவேயில்லை. ஆனாலும் அரங்கில் ஒருத்தர்கூட இருமவில்லை. பூதக்கண்ணாடி அவள் விரல்களிலேயே கண்ணாக இருந்தார். அப்புறம் எப்போது கண்ணை எடுத்தார் என்பது அவருக்கே தெரியாது. விரலிடுக்கில் எட்டிப் பார்த்து அவள் சிரித்தபோது, அட, இவரும் சேர்ந்து சிரித்தார்!

“அவர் நடந்தே வீட்டுக்குப் போயிட்டாருடா தங்கம். இனிமே நீயும் கிளம்பு.”

கைகளை வீசித் திறந்தாள். அவள் பார்வை சர்ரென்று கூரைக்கு ஏற, அரங்கில் இருந்த அறுபது தலைகளும் கூடவே ஏறின.

“யாருப்பா அங்க, ஃபேனை நிறுத்துங்க! அடிபட்டுடப் போகுது!”

கத்தியது சாட்சாத் பூதக்கண்ணாடியேதான்.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. பக்கத்தில் இருந்த இன்னொரு தேர்வாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இறக்கையில மஞ்சளா ஒரு கோடு, பாத்தீங்களா?” என்றார்.

“பாக்காம என்ன? நேரா அந்த ஜன்னல் வழியாத்தான் போச்சு” என்றபடி பூதக்கண்ணாடி எழுந்து மேடைக்கே போய்விட்டார்.

“நீ தேறிட்டேம்மா. நான் தோத்துட்டேன். என்ன கதை, என்ன கை! ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடு, இல்லேன்னா என் மண்டை வெடிச்சிடும். குருவியை எங்கே ஒளிச்சு வச்சிருந்தே?”

நர்ஸ் சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டாள்.

“கோவிச்சுக்காதீங்க சார். காலையில தண்ணி வைக்கக் கூண்டைத் திறந்தேன், அது வீட்டுலேர்ந்தே பறந்து போயிடுச்சு. நான் வெறுங்கையோடதான் மேடை ஏறினேன்.”