சலவைச் சீட்டு

"எழுதினது யாருன்னு இப்பவே சொல்லிட்டா அவளுக்கு மட்டும்தான் ஊருக்கு டிக்கெட். இல்லேன்னா இருபது பேரும் மூட்டையைக் கட்டுங்க" என்றார் சூப்பர்வைசர்.

சலவை ஆலையில் இயந்திரங்களை நிறுத்தியிருந்தார்கள். மடிப்பு மேசையைச் சுற்றி இருபது பெண்களும் நின்றார்கள். கடல் தாண்டிப் பிழைக்க வந்து, ஓட்டல் படுக்கை விரிப்புகளைத் துவைத்து மடிக்கிறவர்கள். வந்து இறங்கிய அன்றே முதலாளி பாஸ்போர்ட்டுகளை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். வேலை நேரத்தில் வெளிக்கதவுக்கும் பூட்டுதான்.

இதையெல்லாம் யாரோ தொழிலாளர் அலுவலகத்துக்கு மனுவாக எழுதிப் போட்டுவிட்டார்கள். பதினொரு மணிக்கு அதிகாரி வருகிறார். அதற்குள் ஆளைக் கண்டுபிடிக்காவிட்டால் உன் தலைதான் உருளும் என்று சூப்பர்வைசரிடம் முதலாளி சொல்லியிருந்தார்.

மனு இந்த நாட்டு மொழியில் இருந்ததாம். அங்கேதான் சூப்பர்வைசருக்குத் தலை சுற்றியது. ஆலையில் தமிழும் அந்த மொழியும் தெரிந்த ஒரே ஆள் அவர். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் வந்து, தானே எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டவர். அந்தப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை. "வாத்தியாரே" என்று பெண்கள் கூப்பிட்டுவிட்டால் போதும், மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

ஆளுக்கொரு சலவைச் சீட்டை நீட்டினார். "இந்த ஊர் எழுத்துல ஆளுக்கு ஒரு வரி எழுதுங்க. ஒரிஜினல் அதிகாரி கையில இருக்கு. ஒத்துப் பார்த்தா குட்டு உடைஞ்சிடும்."

எழுதினார்கள். கோழி கிளறிய மாதிரி இருந்தது.

"மூணு மாசமா ஆளாளுக்கு வந்து, கதவை எப்படிச் சொல்றது, சாவியை எப்படிச் சொல்றதுன்னு என் உயிரை வாங்கினீங்களே. படிச்ச லட்சணம் இதுதானா?"

"கை வரமாட்டேங்குது வாத்தியாரே. உங்க எழுத்து மாதிரி வருமா?" என்றாள் மடிப்பு மேசைக்காரி.

அந்தக் கோபத்திலும் அவருக்கு அது இனிக்கத்தான் செய்தது. பக்கத்தில் நின்ற இஸ்திரிக்காரியிடம் திரும்பினார்.

"உன் மேலதான் எனக்குச் சந்தேகம். போன மாசத்துலேருந்து நீ மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருக்கே."

"எங்கப்பா செத்துட்டார். முகத்தைப் பார்க்கப் போக முடியல. பாஸ்போர்ட் என் கையில இருந்திருந்தா போயிருப்பேன்."

"அதுக்காக எழுதிப் போட்டியா?"

"எழுதத் தெரிஞ்சிருந்தா என்னிக்கோ எழுதியிருப்பேன்."

அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது.

அதிகாரி நடுத்தர வயதுப் பெண். சூப்பர்வைசர் அவரிடம் அந்த ஊர் மொழியில் குழைந்தார்.

"அம்மா, இருபது பேர் எழுத்தும் இதோ இருக்கு. மனுவோட ஒத்துப் பாருங்க."

"யார் எழுதினாங்கன்னு கண்டுபிடிக்க நான் வரல. அலமாரியைத் திறக்கச் சொல்லுங்க."

"திறந்துடலாம்மா. ஒரே ஒரு தடவை மனுவைக் காட்டுங்க. இவங்க பேரைச் சொல்லி வேற எவனோ எழுதிப் போட்டிருக்கான். எழுத்தைப் பார்த்தா நான் கண்டுபிடிச்சிடுவேன்."

அதிகாரி மனுவை எடுத்துப் பெண்களிடம் காட்டி, இவரிடம் கொடுக்கலாமா என்று சைகையில் கேட்டார். இஸ்திரிக்காரி சரியென்று தலையாட்டினாள்.

"வெளியூர்க்காரங்க இவ்வளவு பிழையில்லாம எழுதி நான் பார்த்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே அதிகாரி அதை நீட்டினார்.

ஆவலாக வாங்கிப் பிரித்தார் சூப்பர்வைசர். பெரிய தாளில் இருபது சலவைச் சீட்டுகள் வரிசையாக ஒட்டியிருந்தன. 'கதவை வெளியே பூட்டுகிறார்கள்.' 'சாவி முதலாளியிடம் இருக்கிறது.' 'அது எனக்கு வேண்டும்.' 'அப்பாவைப் பார்க்கப் போக வேண்டும்.' சீட்டுக்கு ஒரு வரி. மூன்று மாதமாக ஆளாளுக்கு வந்து கேட்டபோதெல்லாம், வாத்தியார் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த வரிகள்.