சூரியனைக் கடலில் இறக்கியவள்

"நடுவுல எழுத்தே இல்ல" என்றாள் அவள்.

கண் டாக்டர் பலகையில் அடுத்த வரியைக் காட்டினார். ஓரத்து எழுத்துகளை மட்டும் சொன்னாள்.

ரெஜினாளுக்குப் பார்வை வலது கண்ணில்தான். இடது கண் பிறந்ததிலிருந்தே மங்கல். அந்த ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டுதான் முட்டத்தில் பாதி ஊருக்கு ரவிக்கை தைத்தாள். சர்ச்சுத் துணிகளுக்குப் பூவேலை செய்தாள்.

அவள் கணவன் கில்பர்ட் பைக்குள்ளிருந்து ஒரு பித்தளைச் சாமானை எடுத்து மேசைமேல் வைத்தான்.

செக்ஸ்டண்ட். கடலும் வானமும் தொடுகிற கடல்கோட்டுக்கு மேலே சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்து, நாம் பூமியில் எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போடும் கருவி. கன்னியாகுமரியில் சங்கு விற்கும் கடையில் வாங்கியது. பழைய கப்பல் சாமான் போலச் செய்து, பழசாகத் தெரிய அழுக்கும் பூசியிருந்தார்கள்.

"ஷோகேஸ்ல வைக்கிற சாமான்வே அது" என்று அவன் கூட்டாளிகள் வாட்ஸப் குழுவில் சிரித்தார்கள்.

அவனுக்குப் பொறுக்கவில்லை. அளந்தே காட்டுகிறேன் என்று கிளம்பினான். தான் நிற்கும் இடம் எது என்று, அங்கேயே நின்றுகொண்டு கண்டுபிடிக்க! பைத்தியக்காரத்தனம்தான், வேறென்ன?

மார்கழி உச்சி வெயில். முட்டத்துப் பாறை. தெற்கே கடல்.

பிழை திருத்தும் திருகைத் திருகினால் அதற்கான ஆடி அசையவில்லை. கருவி இரண்டு பாகை கூடுதலாகக் காட்டுகிறது என்று பிடித்துவிட்டான். கணக்கில் கழித்துக்கொண்டான். பொம்மையை அடக்கிவிட்டதில் அவனுக்கு அத்தனை பெருமை.

குழல் வழியே பார்த்தது அவள்.

கருவியின் கையை நகர்த்தி, ஆடியில் தெரியும் சூரியனை மெல்ல இறக்கிக் கடல்கோட்டில் உட்கார வைக்க வேண்டும். தையல்காரி கை, நடுங்காது.

"தொட்டாச்சு" என்பாள். அவன் அளவைப் பார்த்துக் கணக்குப் போடுவான். தினமும் இதுதான்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை எதிலும் கூட்டுச் சேர்த்ததில்லை. இதில் சேர்த்தது அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மத்தியானச் சோற்றைக்கூடப் பாறைக்கே கட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர், கருவியிலிருந்த கறுப்புக் கண்ணாடியை டார்ச்சுக்கு முன்னால் பிடித்துப் பார்த்தார்.

"இது வெறும் கலர் கண்ணாடி. சூரியனைத் தடுக்காது. கண்ணுக்குள்ள வெந்து போயிருக்கு."

"சரியாயிரும்லா டாக்டர்?"

"கொஞ்சம் தெளியலாம். ஊசியில நூல் கோக்குற அளவுக்கு வராதும்மா."

அவள் அழவில்லை. கில்பர்ட்தான் அழுதான். வாய்விட்டே அழுதான்.

டாக்டருக்குப் பாவமாக இருந்தது.

"நீங்களும் இதுல பார்த்தீங்களா? உங்க கண்ணையும் பரிசோதிச்சிடலாம்."

"இல்ல டாக்டர். மொத நாள் மட்டுந்தான் பாத்தேன். கண்ணு எரிஞ்சு தண்ணியா வந்துட்டு. பயமாயிட்டு. அதுக்கப்புறந்தான் இவ கையில குடுத்தேன்."

சொல்லி முடித்த பிறகுதான், சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

டாக்டர் கருவியை மேசைமேல் வைத்தார்.

ரெஜினாள் அவன் பக்கம் திரும்பினாள். அவன் சட்டை தெரிந்தது. தோள் தெரிந்தது. மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்.

பிறகு டாக்டரிடம் சொன்னாள்.

"ஒரு ஆட்டோ பிடிச்சுத் தரச் சொல்லுங்க டாக்டர். எங்க அண்ணன் வீட்டுக்குப் போணும். நான் மட்டும்."