எத்திராஜுலு நினைவு மூச்சுக் கருவி

திருத்தணி வரலாற்றில் பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நாள் அது. மறைந்த வள்ளல் எத்திராஜுலு பயன்படுத்திய மூச்சுக் கருவியை, அவருடைய மகன் மேடை போட்டு, மாலை வாங்கிக்கொண்டு, ஓர் ஏழைக்குத் தானம் செய்தார்.

ஏழையின் பெயர் கந்தன். பொதட்டூர்பேட்டை தறிகளில் பஞ்சுத்தூசியை இழுத்து இழுத்து நுரையீரல் கெட்டவர். மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளும் அந்தக் கருவி இல்லாவிட்டால் ஒரு வாரம் தாங்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கந்தனின் மனைவி கல்பனா தினமும் காலையில் மாஸ்க்கைக் கழுவினாள். தினமும் உள்ளே வெற்றிலை எச்சில் சிவப்பாகக் காய்ந்து நாறியது. கந்தன் வெற்றிலை போட்டதே இல்லை. புது மாஸ்க் வாங்கி மாட்டினாள். மறுநாள் அதிலும் எச்சில், அதில் ஒட்டிக்கொண்டு ஒரு நரைத்த மீசை மயிர். கந்தனுக்கு மீசை கிடையாது.

எத்திராஜுலுவின் மகனிடம் போய்ச் சொன்னாள்.

“எங்க நைனா கடைசிவரைக்கும் வெத்தல மென்னுகினுதாம்மா இருந்தாரு,” என்று அவர் பெருமைப்பட்டார். “அருவருப்பா இருந்தா குடுத்துடு. நாலு பேரு கேட்டுகினு கீறாங்க.”

“இருக்கட்டுங்க,” என்றாள் கல்பனா.

வீட்டுக்கு வந்து கந்தனுக்கு மாஸ்க்கை மாட்டினாள். மூச்சு சீரானது. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து கனத்த குரல் வந்தது.

“ஏம்மா, சுண்ணாம்பு பத்தல.”

கல்பனா கடைக்குப் போய்ச் சுண்ணாம்பு வாங்கி வந்தாள்.